நீலகிரியில் புது பைக் எடுக்கப் போகிறவர்களுக்கு: ‘ஆன்ரோடு’ என்ற ஒரே எண்ணை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒருவர், தினமும் குன்னூர் போய்வர 100 சிசி பைக் ஒன்று எடுத்தார். ஷோரூமில் அவர் கையில் கொடுத்த கொட்டேஷன் ஒரு விசிட்டிங் கார்டு. பின்பக்கம் பேனாவில் ‘ஆன்ரோடு 1,04,000’, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த விலை என்று எழுதி, கீழே இரண்டு கோடு. வேறு எதுவும் இல்லை. ஆர்.சி.யும் இன்சூரன்ஸ் பாலிசியும் வரி ரசீதும் கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் 13,700 ரூபாய்க்குக் கணக்கே இல்லை. கடைப் பெயர் இங்கே வேண்டாம். இதே முறையில் பல ஊர்களில் விற்கிறார்கள் என்பதால், எங்கெங்கே பணம் ஏறுகிறது என்பதுதான் முக்கியம்.

அவர் கேட்டு வாங்கிய பிரிப்பு இது. ஷோரூம் விலை 75,000. வரி, பதிவு 10,500. இன்சூரன்ஸ் 9,400. ஹேண்ட்லிங்கும் லாரி வாடகையும் 2,800. ஆக்சசரீஸ் 5,300. டெஃப்லான் கோட்டிங் 1,000. கடைசி மூன்றும் கட்டாயமே கிடையாது. முதல் மூன்றில் வரி ரசீதில் இருந்த தொகை 8,900. பாலிசி தாளில் இருந்த தொகை 6,400. ஆக, சாலையில் ஓட்டத் தேவையான மொத்தம் 90,300.

வரியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி, வண்டி விலை ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 75,000 வண்டிக்கு 7,500. பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டு 200, கடனில் எடுத்தால் எச்.பி. (ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர்) பதிய 500. மிச்சம் சில்லறைதான். இந்தப் பணம் அரசுக்குப் போகிறது, அதற்கு ரசீது உண்டு. ‘ஆர்.டி.ஓ. செலவு’ என்று மொத்தமாகச் சொன்னால் ரசீதில் எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேளுங்கள். 125 சிசி பார்க்கிறவர்கள் ஒரு லட்ச ரூபாய்க் கோட்டைக் கவனிக்க வேண்டும். 99,000 வண்டிக்கு வரி 9,900. 1,01,000 வண்டிக்கு 12,120. புளூடூத் மீட்டர் உள்ள மேல் வேரியண்ட்டுக்கு ‘ரெண்டாயிரம்தான் கூட’ என்பார்கள். கையிலிருந்து போவது நாலாயிரத்துக்கு மேல்.

இன்னொன்று, 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வண்டி அதற்கு முன் தயாரானதாக இருந்தாலும், பில் போடுவது இப்போது என்றால் 18 சதவீதம்தான். பழைய விலைப் பட்டியலைக் காட்டி ‘இது பழைய ஸ்டாக், பழைய ரேட்’ என்று பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது இன்சூரன்ஸ். கண்ணுக்குத் தெரியாமல் அதிகம் கறப்பது இதில்தான். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் கட்டணம் அரசு நிர்ணயிப்பது. 2022-ல் அறிவித்தபடி 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், அந்தத் தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக சுமார் 4,544. எந்த கம்பெனியில் போட்டாலும் இந்தத் தொகை ஒன்றுதான். 100 சிசிக்கும் 125 சிசிக்கும் ஒரே படிநிலை என்பதையும் கவனியுங்கள். ‘125 எடுத்தால் இன்சூரன்ஸ் ஏறிடும்’ என்ற பேச்சு மூன்றாம் நபர் காப்பீட்டைப் பொறுத்தவரை பொய். மாறுவது சொந்த சேதத்துக்கான பகுதி மட்டும். 75,000 ரூபாய் வண்டிக்கு ஒரு வருடத்துக்கு அது ஆயிரத்துச் சொச்சம், தள்ளுபடி கேட்டால் குறையும். ஓட்டுநர்-உரிமையாளர் விபத்துக் காப்பீடு வருடத்துக்குச் சில நூறு. வேறு வண்டியின் பாலிசியிலோ தனியாகவோ 15 லட்சத்துக்கு அது ஏற்கெனவே இருந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. கோத்தகிரிக்காரருக்கு ஐந்து வருட விபத்துக் காப்பீடு, சாலை உதவி, இன்னும் இரண்டு மூன்று சேர்க்கை என்று வாயில் சொல்லி 9,400 வாங்கினார்கள். பாலிசியில் இருந்தது ஒரு வருட விபத்துக் காப்பீடு மட்டும். பாலிசி தாளின் பிரீமியம் கட்டத்தை வரி வரியாகப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்சூரன்ஸை வெளியே போட்டு வர உங்களுக்கு முழு உரிமை உண்டு. ‘வெளி இன்சூரன்ஸ் என்றால் டெலிவரி லேட்டாகும்’ என்று மிரட்டினால், அதை எழுத்தில் கேளுங்கள்; எழுதித் தரமாட்டார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு கட்டணமே இல்லை. நம் பக்கம் அதற்கு ஒரு மலைப் பெயரும் வைத்திருக்கிறார்கள்: “மேட்டுப்பாளையத்துல இருந்து வண்டி ஏத்திட்டு வரோம்லங்ணா, அந்த லாரி வாடகைதானுங்க.” ஷோரூம் வரை வண்டி வந்து சேர்கிற செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். கோயம்புத்தூரில் வாங்கினால் நீலகிரி முகவரிக்கு எக்ஸ்ட்ரா என்பதும் அதே ரகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்தின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம். வரி மாநிலம் முழுக்க ஒன்றே. ஊட்டி, மேட்டுப்பாளையம், கோவை மூன்றிலும் எழுத்துப்பூர்வ கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுங்கள். அடுத்த ஊர் கொட்டேஷனை மேசையில் வைத்தாலே பல சமயம் ஹேண்ட்லிங் தானாகக் காணாமல் போகும்.

ஆக்சசரீஸ் பட்டியலில் அவரிடம் சாரி கார்டுக்கும் பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பிக்கும் காசு வாங்கியிருந்தார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123-ன் படி கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் வண்டியோடு வந்தாக வேண்டியவை. ஹெல்மெட்டும் அப்படியே, விதி 138(4)(எஃப்) படி வண்டி வாங்கும்போதே தயாரிப்பாளர் ஐ.எஸ்.ஐ. தர ஹெல்மெட் ஒன்று தர வேண்டும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான எல்லா வண்டிக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. இவற்றைத் தனி வரியாகப் போட்டிருந்தால் பேனா எடுத்து அடித்துவிடச் சொல்லுங்கள். கிராஷ் கார்டு தேவையென்றால் வெளியே வாங்கிக்கொள்ளலாம். டெஃப்லான் கோட்டிங் புது பெயிண்டுக்குத் தேவையே இல்லை. மலை மழைக்குத் துரு பிடிப்பது பெயிண்டில் அல்ல, செயின், ஸ்போக், சைலன்சர் மூட்டு, சென்டர் ஸ்டாண்டு பிவட்டில். அங்கே கோட்டிங் போடவும் மாட்டார்கள்.

பணம் இல்லாதவரைத்தான் கடனில் அதிகம் அடிக்கிறார்கள். இவருக்கு 24,000 முன்பணம் போக 80,000 கடன், ‘வெறும் 10 பர்சென்ட், 36 டியூ’. அது பிளாட் ரேட். 80,000-க்கு மூன்று வருடம் 10 சதவீதம் என்றால் வட்டி 24,000, மாத டியூ 2,889. நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் வட்டி கட்டுகிறீர்கள். குறையும் அசலில் கணக்கிட்டால் இது 18 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அதே 80,000-ஐ குறையும் அசலில் 12 சதவீதத்துக்கு ஒரு வங்கி தந்தால் டியூ சுமார் 2,657, மொத்த வட்டி 15,700-க்குள். 10-ஐ விட 12 மலிவு. இதைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பிராசஸிங், டாக்குமெண்ட் செலவு, கடனோடு ஒட்டிவிடும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆளிடம் அந்தத் தாளை முதலில் கேளுங்கள். தர இழுத்தடித்தால் பதில் கிடைத்துவிட்டது.

விலையைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, அவருக்குத் தள்ளிவிட்ட வண்டி. “நூறு சிசியே மலை ஏறும் சார், டிஸ்க் பிரேக் மழையில வழுக்கும், டிரம்தான் சேஃப்டி” என்று சொல்லி, டிரம் பிரேக் 100 சிசியைக் கொடுத்துவிட்டார்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது; எஞ்சின் சக்தி ஊட்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஸ்பிளெண்டர் பிளஸ் போன்ற 97.2 சிசி வண்டி சமவெளியில் 8 பி.எஸ். (குதிரைசக்தி அளவு); ஊட்டியில் ஆறரைக்குள். ஷைன், ரைடர் போன்ற 125-கள் பத்தரை, பதினொன்றரை பி.எஸ்.; மேலே எட்டரை, ஒன்பது. அதாவது ஊட்டியில் ஒரு 125 தருகிற சக்தி, கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு 100 தருகிற சக்தி. தனி ஆளாக, ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு 100 சிசி தாராளம். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, ஒரு மூட்டையும் ஏற்றி, தினமும் கொண்டை ஊசி வளைவு ஏறுபவருக்கு இரண்டாம் கியரிலேயே எஞ்சின் கத்தும், கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும், சொன்ன 70 கிலோமீட்டர் மைலேஜும் வராது.

டிஸ்க் விஷயம் அப்பட்டமான பொய். மழைநீர் டிஸ்கில் நிற்காது. பேட் பட்டதும் துடைத்துவிடும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால்தான் காய்கிற வரை பிடி குறையும். 125 சிசி வரையிலான வண்டிகளில் 2019 முதல் கோம்பி பிரேக்கோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயம். கோம்பியில் பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பர்லியார் இறக்கத்தில் பெடல் மேல் காலை வைத்தபடியே வந்தால் இரண்டு டிரம்மும் சேர்ந்து சூடேறும், ஷூ பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அழுத்த அழுத்தப் பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். முன் டிஸ்க் உள்ள வேரியண்ட்டுக்குச் சில ஆயிரம் கூடக் கொடுப்பது மலையில் வீண் செலவே அல்ல. ஆக்சசரீஸுக்கு அழுத 5,300-ல் இதை வாங்கியிருக்கலாம்.

முதல் சர்வீஸில் ‘ஹில் டியூனிங்’ என்று 600 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். கார்புரேட்டர் வண்டியில் மலைக்கு ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) மாற்றுவது உண்மையான வேலை. உயரத்தில் பெட்ரோல் கலவை செழித்து, பிளக் கறுத்து, இழுவை போகும். அவருடைய வண்டி கார்புரேட்டர் இல்லாத பிஎஸ்6 எஃப்.ஐ. வண்டி. காற்றழுத்தத்தை சென்சார் பார்த்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ. தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. அதில் மலைக்காகத் திருக ஒரு ஜெட்டும் இல்லை.

டெலிவரி எடுக்கும் முன், பில் போடும் முன், தயாரிப்பாளர் தரும் சான்றான ஃபார்ம் 22 கேளுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் அதில் இருக்கும், பெரும்பாலும் தயாரான மாதம், வருடமும் இருக்கும். வண்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்கம்: 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். நம் குளிரிலும் பனியிலும் யார்டில் பல மாதம் நின்ற வண்டி என்றால் ஸ்போக் நிப்பிளில் வெள்ளைப் பூப்பு, செயினில் செந்துரு, சீட்டுக்கடியில் பேட்டரி டெர்மினலில் பச்சை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேறு சேசிஸ் எண் கேளுங்கள், அல்லது தள்ளுபடி கேளுங்கள். முழுப்பணம் கட்டிய பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். கோத்தகிரிக்காரர் வரி ரசீது, பாலிசி, கடை பில் மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டார். ஹேண்ட்லிங், சாரி கார்டு, கைப்பிடிக் கம்பி, இன்சூரன்ஸில் கூட வாங்கியது எல்லாம் திரும்பி வந்தன. கோட்டிங் காசு வரவில்லை. ‘வேலை முடிந்துவிட்டது’ என்றார்கள். கடிதத்துக்கு மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பேனாவில் எழுதிக் கொடுத்த அந்த விசிட்டிங் கார்டையும், ஜி.பே.யில் அனுப்பிய முன்பணத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அன்றே, அந்த மேசையிலேயே, சீல் வைத்த ரசீது வாங்குங்கள்.