தி கிளாஷ் முதல் ஆல்பம்: பிரிட்டிஷ் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா?

பிரிட்டனின் பங்க் ராக் குழுவான தி கிளாஷின் முதல் ஆல்பத்தைத் தேடிப் போனால், அதே பெயரில், அதே படத்தோடு இரண்டு ஆல்பங்கள் வந்து நிற்கும். ஒன்று 1977 ஏப்ரலில் சிபிஎஸ் நிறுவனம் பிரிட்டனில் வெளியிட்டது, 14 பாட்டு. மற்றது 1979 ஜூலையில் எபிக் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது, 15 பாட்டு. புதிதாகக் கேட்பவர்கள் எதில் தொடங்குவது என்று குழம்புவது நியாயம்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு பாட்டு கூட, குறைய என்பதோடு முடிந்துவிடுவதில்லை.

இரண்டு பதிப்புகள் வரக் காரணம் அமெரிக்க நிறுவனத்தின் தயக்கம். இந்தச் சத்தம் வானொலிக்கு ஒத்துவராது என்று சொல்லி, ஆல்பத்தை அங்கே வெளியிடாமலே வைத்திருந்தார்கள். ரசிகர்கள் விடவில்லை, பிரிட்டனிலிருந்து இறக்குமதியான பிரதிகளை வாங்கித் தள்ளினார்கள். குழுவின் இரண்டாவது ஆல்பம் வந்த பிறகுதான் எபிக் முதல் ஆல்பத்தின் பக்கம் திரும்பியது. அப்போதும் உள்ளது உள்ளபடி விடவில்லை. 'டினை', 'சீட்', 'ப்ரோடெக்ஸ் ப்ளூ', '48 அவர்ஸ்' நான்கையும் தூக்கிவிட்டு, பின்னாளில் வந்த ஐந்து பாடல்களைச் சேர்த்தார்கள். 'வைட் ரயட்' பாட்டுக்கும் ஆல்பத்தில் இருந்த வடிவத்தை எடுத்துவிட்டு, போலீஸ் சைரனோடு தொடங்கும் சிங்கிள் (தனித் தட்டாக வந்த பாட்டு) வடிவத்தை வைத்தார்கள்.

முதலில் பிரிட்டிஷ் பதிப்பு. 1977 பிப்ரவரியில், லண்டன் விட்ஃபீல்ட் தெருவில் இருந்த சிபிஎஸ் ஸ்டுடியோவில், சில வார இறுதிகளில் பதிவை முடித்துவிட்டார்கள். தயாரிப்பாளர் மிக்கி ஃபூட், மேடையில் அவர்களுக்கு ஒலி பார்த்துவந்தவர். செலவு சுமார் 4,000 பவுண்டு. இத்தனைக்கும் அதற்கு முந்தைய மாதம்தான் 1,00,000 பவுண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த டெரி சைம்ஸ் குழுவை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதனால் அட்டையில் மூன்று பேர்தான் நிற்கிறார்கள்.

இந்த அவசரம் ஆல்பம் முழுக்கக் கேட்கிறது. 'ஜேனி ஜோன்ஸ்' டிரம்மோடு தொடங்குகிறது. ஜோ ஸ்ட்ரம்மர் பாடும் வரிகளுக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் அந்த டிரம் மட்டும்தான். கிட்டார் இடையிடையே வெட்டிவிட்டுப் போகிறது. அலுவலக வேலை அலுத்துப்போன ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரிந்து இல்லை. 'கரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' பாட்டில் வெடிகுண்டுக் கடிதம் பற்றி ஒரு வரி வரும். அது கற்பனை அல்ல. குழுவின் கிட்டார் கலைஞர் மிக் ஜோன்ஸ் அரசு உதவித்தொகை அலுவலகம் ஒன்றில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். கடிதத்தில் குண்டு வரலாம் என்று லண்டனே பயந்திருந்த காலம் அது.

அமெரிக்கப் பதிப்பின் பலம் அந்த ஐந்து பாடல்கள். 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்', 'காம்ப்ளீட் கண்ட்ரோல்', 'வைட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே', 'ஐ ஃபாட் தி லா', 'ஜெயில் கிட்டார் டோர்ஸ்'. டாப்பர் ஹெடன் டிரம்ஸுக்கு வந்த பிறகு குழு எவ்வளவு இறுகியது என்பது இவற்றில் தெளிவாகத் தெரியும். தனித்தனிப் பாட்டாக எடை போட்டால் அமெரிக்கப் பதிப்புக்குத்தான் ஜெயம். இரண்டு ஆல்பங்களிலும் சேர்த்து ஆகச் சிறந்த பாட்டு 'வைட் மேன்'தான் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைய அமெரிக்க இளைஞர்களுக்கு இவை ஒரே தட்டில் கிடைத்தது பெரிய விஷயம்.

ஆனால் வரிசை கெட்டுப்போனது. 'ரிமோட் கண்ட்ரோல்' முதல் ஆல்பத்திலேயே இருந்த பாட்டு. குழுவைக் கேட்காமல் நிறுவனம் அதைச் சிங்கிளாக வெளியிட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'காம்ப்ளீட் கண்ட்ரோல்'. ஜமைக்காவின் லீ பெர்ரி தயாரிப்பில் 1977 செப்டம்பரில் வந்தது. அமெரிக்கப் பதிப்பில் இரண்டும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. குற்றமும் புகாரும் ஒரே மூச்சில் வந்துவிட, நடுவில் குழுவுக்கு என்ன ஆனது என்பது கேட்பவருக்குப் பிடிபடாது.

ஜமைக்காவின் இசையான ரெகே விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. 1977இல் ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாட்டைத் துணிந்து எடுத்து, ஆறு நிமிடம் தங்கள் பாணியில் வாசித்தார்கள். பிரிட்டிஷ் பதிப்பில் அது 'ப்ரோடெக்ஸ் ப்ளூ', '48 அவர்ஸ்' என்ற இரண்டு குட்டிப் பாட்டுகளுக்கு நடுவே வருகிறது. இரண்டுமே இரண்டு நிமிடத்தைத் தொடாதவை. அந்த ஓட்டத்துக்கு நடுவில் திடீரென்று தரை அகலமாகிறது. மூச்சு விட இடம் கிடைக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் முன்பின் இருந்த அந்த இரண்டும் இல்லை. போதாக்குறைக்கு, ஓராண்டு கழித்து வந்த 'வைட் மேன்' இசைத்தட்டின் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ரெகே நிகழ்ச்சிக்குப் போன ஸ்ட்ரம்மர், தன்னையும் பங்க் கூட்டத்தையும் சேர்த்தே கேள்வி கேட்கும் பாட்டு அது. தயங்கித் தயங்கி ரெகேயைத் தொட்டவர்கள் அந்தத் தெளிவுக்கு வந்து சேர்ந்த பாதை அங்கே தலைகீழாகிவிடுகிறது.

இரண்டுமே முடிவது 'கராஜ்லேண்ட்' பாட்டில். ஒப்பந்தம் வந்தாலும் நாங்கள் மாற மாட்டோம் என்ற உறுதி அது. பிரிட்டிஷ் பதிப்பில் அதை அப்படியே நம்ப முடிகிறது. அமெரிக்கப் பதிப்பில், நிறுவனத்தோடு போட்ட சண்டையை ஏற்கெனவே கேட்டுவிட்ட பிறகு அதே பாட்டு கொஞ்சம் தளர்ந்துதான் ஒலிக்கிறது.

அதனால் என் ஓட்டு பிரிட்டிஷ் பதிப்புக்கு. 'சீட்', 'டினை' இரண்டும் பெரிய பாட்டு இல்லை, சரி. ஆனாலும் அந்தக் குளிர்காலத்து லண்டன் அவற்றோடு சேர்ந்துதான் முழுமையாகிறது. அதை ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டு, அப்புறம் சிங்கிள்களை வந்த வரிசையிலேயே போடுங்கள்: 'காம்ப்ளீட் கண்ட்ரோல்', 1978 பிப்ரவரியின் 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்', ஜூனில் வந்த 'வைட் மேன்', கடைசியாக 1979 மே மாதத்து 'ஐ ஃபாட் தி லா'. அமெரிக்கப் பதிப்பில் இருக்கும் நல்லதெல்லாம் இப்படியே கைக்கு வந்துவிடும். 'ஜெயில் கிட்டார் டோர்ஸ்' மட்டும் வேண்டுமென்றால், அது 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்' சிங்கிளின் மறுபக்கத்தில் இருக்கிறது.