மாடி டம்பெல், ஏசி ஜிம், தகரக்கூரை ஜிம்: உடம்பு ஏற எது கைகொடுத்தது?

கன்டெய்னர் யார்டில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு பேர் இந்த மாதம் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "அண்ணா, உடம்பு ஏத்தணும். எங்க சேரலாம்?" நான் கன்டெய்னர்களின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர். வீடு வட சென்னையில் புது வண்ணாரப்பேட்டை. ஷிப்ட் வேலை. முப்பது வயது தாண்டிய பிறகு, 171 சென்டிமீட்டர் உயரத்துக்கு 58 கிலோ எடையோடு ஆரம்பித்தவன். மாடியில் டம்பெல் வாங்கிப் போட்டு எட்டு மாதம், பெரம்பூர் பக்கம் ஓர் ஏசி ஜிம்மில் ஐந்து மாதம், இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கும் தகரக்கூரை ஜிம்மில் பதினான்கு மாதம் என்று மூன்றையும் பார்த்தாயிற்று. என் ஓட்டு தகரக்கூரைக்குத்தான்.

இடத்தைப் பேசுவதற்கு முன் எதிர்பார்ப்பைப் பேசிவிட வேண்டும். புதிதாக ஆரம்பிக்கும் ஓர் ஆணுக்கு, சாப்பாடும் தூக்கமும் சரியாக அமைந்தால், முதல் சில மாதங்களில் மாதம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை ஏறலாம். அதுவே நல்ல வேகம். அப்புறம் அந்த வேகம் குறைந்துகொண்டே போகும். பெண்களுக்கு ஏறக்குறைய இதில் பாதி. முதல் ஆறு, எட்டு வாரத்தில் தூக்கும் எடை மளமளவென்று கூடுவதைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்வதுதான் அந்த வேகத்துக்குப் பெரும்பாலும் காரணம். கண்ணாடியில் தெரிகிற மாற்றம் அதற்குப் பிறகுதான் வரும். என்னையே எடுத்துக்கொண்டால், தகரக்கூரைக்குள் நுழையும்போது 60 கிலோ, இன்று 65. ஐந்தும் தசை என்று சொல்ல மாட்டேன். மூன்று இருந்தால் சந்தோஷம். கைச்சுற்றளவு பதினொன்றரை அங்குலத்திலிருந்து பன்னிரண்டே முக்கால் ஆகியிருக்கிறது. சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கன்டெய்னர் கதவு லிவரை இழுக்கும்போது எனக்குத் தெரிகிறது.

பணம், வசதி பற்றியெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. வீட்டு செட் ஒரே தடவைச் செலவு, ஏசி ஜிம் மூன்றில் அதிகம், ஏரியா ஜிம்மான தகரக்கூரை மாதம் 700 ரூபாய். குளிரூட்டி, குளியலறை, லாக்கர் எல்லாவற்றிலும் ஏசி ஜிம்தான் மேல். வண்டி நிறுத்தவும் அங்கேதான் இடம் உண்டு.

மாடியில் ஆரம்பித்ததற்குக் காரணம் கூச்சம். ஒல்லியான உடம்போடு நாலு பேர் முன்னால் நிற்க மனசு வரவில்லை. 20 கிலோ செட் ஒன்று வாங்கினேன். மேலே பிளாஸ்டிக், உள்ளே சிமென்ட் அடைத்த எட்டுத் தட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. தண்டால், பஸ்கியோடு சேர்த்துச் செய்ததில் முதல் இரண்டு மாதம் நன்றாகவே பலன் தெரிந்தது. ஆனால் மூன்றாம் மாதம் முட்டிக்கொண்டது. டம்பெல்லுக்கு இரண்டு பக்கமும் சமமாகத் தட்டு போட வேண்டும் அல்லவா? பக்கத்துக்கு ஒன்று போட்டால் 5 கிலோ. அடுத்த படி பக்கத்துக்கு இரண்டு, அதாவது 10 கிலோ. நடுவில் ஒன்றுமே இல்லை. 5 கிலோவைப் பதினைந்து தடவை தூக்குகிறவனால் 10 கிலோவை ஒழுங்காக மூன்று தடவைகூடத் தூக்க முடியாது. நான் முதுகை வளைத்து, இடுப்பை ஆட்டித் தூக்கினேன். வலதுதோளில் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். காலுக்கோ மொத்த செட்டையும் கையில் பிடித்தாலும் போதவில்லை.

பராமரிப்பும் ஒரு தொல்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் ராடின் பளபளப்பு போய்த் துரு ஏறியது. வெயில் பட்டு இரண்டு தட்டு வெடித்துச் சிமென்ட் உதிர்ந்தது. இரும்புத் தட்டாக இருந்தால் பழைய இரும்புக் கடையிலாவது கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இதை யாரும் சீண்டுவதில்லை. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது இரும்பே வாங்குங்கள், தேங்காய் எண்ணெய் தடவி உள்ளே வையுங்கள்.

ஏசி ஜிம்மில் ஓர் ஆண்டுக்குச் சேர்த்து 15,000 கட்டினேன். பொருள்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றேகால் கிலோவிலிருந்து 25 கிலோ வரை தட்டுகள், சுத்தமான பெஞ்ச், முகம் பார்க்கும் கண்ணாடி. ஆனால் சாயந்திரம் ஏழு மணிக்கு ஸ்குவாட் ரேக் (தோளில் சுமையோடு உட்கார்ந்து எழ ராடை வைக்கும் தாங்கி) இரண்டுக்கு பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். வண்டியில் போய்வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை பெய்து வியாசர்பாடி பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் அன்றைக்கு ஜிம் கிடையாது. இரவு ஷிப்ட் வாரத்தில் போகவே முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அங்கிருந்த பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு பயிற்சி அட்டவணை மாற்றுவார். "உடம்பைக் குழப்பிக்கிட்டே இருக்கணும் ப்ரோ" என்பார். போன வாரம் என்ன தூக்கினேன், இந்த வாரம் கூடியதா என்று கணக்குப் பார்க்க வழியே இல்லை. ஐந்து மாதத்தில் அரைக் கிலோ ஏறியது. மீதிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அங்கே நடந்த இன்னொன்றையும் தம்பிகளுக்காகச் சொல்ல வேண்டும். "மூணு மாசத்துல ஆளையே மாத்திடலாம்" என்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டு ஊசி பற்றிப் பேசினார். ஸ்டீராய்டு வெளியிலிருந்து போனால் உடம்பு தன் டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விதை சுருங்கும், குழந்தைப்பேறு பாதிக்கும், ஆண்களுக்கு மார்பு பெருக்கும், கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் கெட்டு இதயத்தில் போய் நிற்கும். மூன்று மாதத்தில் பத்துக் கிலோ தசை ஏற்றிக் காட்டுகிற படம் எதைப் பார்த்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியா ஜிம்களில் இந்த வியாபாரம் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் போகும் இடத்தில் பயிற்சி தரும் மாஸ்டர் அந்தப் பேச்சை எடுக்கவே விடுவதில்லை.

சரி, தகரக்கூரை. ஒரு பழைய குடோன். இரண்டு மின்விசிறி, சுவரில் அனுமார் படம், மூலையில் இப்போது யாரும் அதிகம் தொடாத கர்லாக்கட்டைகள் இரண்டு. சித்திரை, வைகாசியில் உள்ளே நிற்க முடியாது. அந்த மாதங்களில் நான் காலை ஐந்தரைக்கே போய்விடுகிறேன். பயிற்சியில் இரண்டு செட்டை (சுற்றை) குறைத்துக்கொண்டு, உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் எடுத்துப் போகிறேன். தலை சுற்றினால் அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொள்வேன். இந்த ஒரு விஷயத்தில் ஏசி ஜிம்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். முதல் நாள் நான் வலுவைக் காட்ட நினைத்துத் தட்டுகளை மாட்ட, கிட்டே வந்து எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். "வெறும் ராடு போதும் தம்பி. ரெண்டு வாரம் கழிச்சுப் பேசலாம்." உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோயிங். இந்த ஐந்துதான். வாரம் மூன்று நாள். நாலு மாதம் அதையே மாற்றாமல் செய்ய வைத்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். தேதி, எடை, எத்தனை தடவை, இந்த மூன்றை மட்டும் எழுத வேண்டும்.

இந்த நோட்டில்தான் என் மொத்த வாதமும் இருக்கிறது. தசை வளர வேண்டுமானால், பழகிவிட்ட சுமையைவிடக் கொஞ்சம் அதிகமான சுமையை அதற்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். "கொஞ்சம்" என்பது எவ்வளவு என்பதில்தான் இடங்கள் வேறுபடுகின்றன. மாடியில் என் படி 5 கிலோ, அதுவும் ஒற்றைக் கைக்கு. ஏசி ஜிம்மில் சிறிய படி இருந்தது, ஆனால் அதில் ஏற அட்டவணை விடவில்லை. இங்கே பக்கத்துக்கு ஒன்றேகால், மொத்தம் இரண்டரைக் கிலோ படி. நோட்டின் முதல் பக்கத்தில் ஸ்குவாட் வெறும் ராடோடு எட்டு தடவை, மூன்று செட். அடுத்த நாள் இரண்டரை கூட. எட்டு வந்தால் அடுத்த தடவை மறுபடி இரண்டரை. எட்டு வராவிட்டால் அதே எடை, ஆறோ ஏழோ எவ்வளவு வந்ததோ அதை எழுதி, எட்டு வரும்வரை அங்கேயே நிற்பது. மூன்றாம் மாதம் 50 கிலோ. இன்று 82.5.

ராடு விஷயம் ஒன்று உண்டு. ஏரியா ஜிம்களில் ராடுகள் உள்ளூரில் செய்தவை. 20 என்று பெயின்டில் எழுதியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், பதினேழரைதான் இருந்தது. பக்கத்து ராடு 19. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. போன வாரத்து என்னோடுதான் எனக்குப் போட்டி என்பதால், தினமும் அதே ராடு கிடைத்தால் போதும். நான் எடுக்கும் ராடின் முனையில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஆறாம் மாதம் ஷோல்டர் பிரஸ் 27.5-இல் நின்றுவிட்டது. ஐந்து வாரம் நகரவில்லை. மாஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டரை உனக்குக் காலுக்குச் சின்னது, தோளுக்குப் பெருசு" என்றார். கணக்குப் போட்டால் புரிகிறது: 70 கிலோவில் இரண்டரை நூற்றுக்கு நாலுகூட இல்லை, 27.5-இல் நூற்றுக்கு ஒன்பது. எங்கள் பக்கம் இரும்பு கடையும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நாலு அங்குல விட்டம், எட்டு மில்லி கனம், நடுவில் ராடு நுழையும் அளவு ஓட்டை என்று சொல்லி இரண்டு தட்டு கடைந்து வாங்கினேன். கூலியோடு 250 ரூபாய். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளங்கையில் வைத்தால் பெரிய அளவு முறுக்கு மாதிரி இருக்கும். பையிலேயே போட்டுக்கொண்டு போகிறேன். ஏறத்தாழ ஒரு கிலோ படியில் தோள் மறுபடி ஏற ஆரம்பித்தது. இப்போது 36-ஐத் தொட்டுவிட்டேன். உள்ளே யாராவது தேங்கி நின்றால் வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஏசி ஜிம்மிலும் இதைச் செய்யலாம், தடுப்பவர் யாருமில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் அங்கே ஆளில்லை.

இடம் எதுவானாலும் சாப்பாடு ஒன்றுதான், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல இலக்கு. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். நாலு முட்டையில் 24, நூற்றைம்பது கிராம் மீனில் 30, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கப் சுண்டலில் 14. மீதி இட்லி, சோறு, பருப்பிலிருந்தே வந்துவிடும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பது பெரிய வரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதம் நான் முட்டைக்கும் சோயாவுக்கும் மாறிவிடுகிறேன். காய்ந்த சோயா 50 கிராமில் 26 கிராம் புரதம் இருக்கிறது. டப்பா பவுடர் அவசரத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

விட்டுப்போனவை இரண்டு. எங்கள் பகுதி சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் பேர் வாங்கிய மண். அந்த வழியில் வந்த கிளப் ஒன்றில் இரண்டு வாரம் ஸ்கிப்பிங்கும், எதிரில் ஒருவர் பிடிக்கும் பேடில் குத்துவதும் பழகினேன். மூச்சுத் திறனுக்கு அதற்கு ஈடாக ஒன்றை நான் பார்க்கவில்லை. தசை ஏற்றுவதற்கு எப்படி என்று இரண்டு வார அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களும் உண்டு. நான் எட்டிப் பார்த்த ஒன்றில் தட்டுகள் ஜோடி சேராமல் கிடந்தன. உங்கள் வார்டில் நல்லதாக இருந்தால் முதலில் அங்கே போய்த் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். அப்புறம், நான் ஒல்லியாக இருந்து ஏற்றியவன். தொப்பையைக் குறைக்க வருகிறவர்களுக்கு என் அனுபவம் பாதிதான் பொருந்தும்.

என் ஓட்டு பொருந்தாத ஓர் ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். தங்கைக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். தகரக்கூரையில் பெண்களுக்கென்று தனி நேரமும் கிடையாது, உடை மாற்ற இடமும் கிடையாது. இதை மாஸ்டரிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று. ஏசி ஜிம் அவளுக்கு எல்லா வகையிலும் பொருந்தும், ஆனால் போய்வரும் நேரம் கட்டுப்படியாகாது. அதனால் என் மாடி செட்டில் வெடிக்காத தட்டுகளையும் ராடுகளையும் துருவைத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். நோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் போனில், "அண்ணா, அஞ்சு கிலோ பன்னெண்டு தடவை வருது. பத்து தூக்கவே முடியல" என்றாள். அந்த டம்பெல் ராடு ஜிம் ராடைவிட ஒல்லி, நான் கடைந்து வாங்கிய சின்னத் தட்டுகள் அதில் ஆடும். வெர்னியர் என்ற துல்லிய அளவுகோல் வைத்து அளந்ததில் 25 மில்லி. அந்த அளவு ஓட்டையோடு நாலு தட்டு கடையச் சொல்லி லேத்தில் முன்பணம் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.