ஸ்பார்க் வரலைன்னு சொல்லி ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) மாத்தணும்னா உடனே சரின்னு சொல்லிடாதீங்க

பழைய பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க, கொஞ்சம் நீளமாதான் இருக்கும். என்னோடது 2010 மாடல் சின்ன கார். கம்பெனி பேரு வேணாம், குத்தம் வண்டி மேல இல்ல.

பெரம்பலூர் தாண்டி வர்றப்போ ஓட்டத்துலயே பொசுக்குன்னு ஆஃப் ஆயிருச்சு. செல்ஃப் நல்லா சுத்துது, பேட்டரியும் தெம்பாதான் இருக்கு, ஆனா பத்திக்க மாட்டேங்குது. பானட்டைத் தொறந்து போட்டுட்டு ஓரமா நின்னா கொஞ்ச நேரத்துல தானா ஸ்டார்ட் ஆகுது, சூடானதும் மறுபடி நிக்குது. எப்படியோ திருச்சி வந்து சேர்ந்து, ஆள் பேர் நிறைய இருக்கற ஒரு ஒர்க்ஷாப்ல விட்டேன். சாயங்காலமே போன் வந்துச்சு. "மேடம், ஸ்பார்க்கே வரல, ஈசிஎம் போயிருச்சு, ஸ்கேனர்லயே காட்டுது, 21,500 ஆகும்"னு. ஸ்கேனர்ங்கறது வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்ச கோளாறைப் படிக்கற மெஷின், அதோட திரை போட்டோ கேட்டேன், அனுப்பறேன்னாங்க, அனுப்பவே இல்ல. வண்டியில்லாம வேலைக்குப் போக முடியாத நிலைமை, அதனால காசைக் கட்டி எடுத்துட்டு வந்தேன். பழைய ஈசிஎம் எங்கன்னு கேட்டா எக்ஸ்சேஞ்ச்ல போயிருச்சாம். பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டுச்சீட்டு, அதுல ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, பார்ட் நம்பர் கிடையாது, "எலக்ட்ரிகல் வேலை"ன்னு மட்டும் எழுதியிருக்கு.

ஊருக்குள்ள ஓட்டற வரைக்கும் ஒண்ணும் தெரியல. வெயில்ல ஒரு தடவை லாங் போனதும் அதே கதைதான், நடுரோட்டுல ஆஃப். திரும்ப விட்டா இப்ப காயிலு (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் குடுக்கறது), பிளக்கு, பிளக் ஒயரு எல்லாம் மாத்தணும்னு இன்னொரு 6,800. அதுக்கப்புறமும் நின்னுச்சு.

அப்புறம்தான் எங்க சித்தப்பா ஒரு எலக்ட்ரீஷியன் பாய்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. வயசானவரு, சின்ன ஷெட்டு, கையில ஒரு டெஸ்ட் லாம்பு, ஒரு மீட்டரு, ஒரு பழைய ஸ்கேனரு, அவ்வளவுதான். வண்டியை நல்லா சூடாக விட்டு, அதுவா நின்னதுக்கு அப்புறம்தான் கையே வச்சாரு. "ஏம்மா, நிக்கிறப்பதானே பார்க்கணும், ஓடறப்ப பார்த்து என்ன தெரியப் போகுது"ன்னாரு. ஒர்க்ஷாப்ல ஒருத்தருக்கும் இது தோணல.

அவர் பார்த்த வரிசையை எழுதறேன், உங்களுக்கு உதவும். மொதல்ல பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைக் கழட்டிட்டாரு, பக்கத்துல பெட்ரோல் பீய்ச்சி தீப்பிடிக்கக் கூடாதுன்னு. ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயர்ல மாட்டி, ரப்பர் புடி போட்ட குறடால புடிச்சு எஞ்சின் பாடில ஒட்ட வச்சு என்னைய செல்ஃப் அடிக்கச் சொன்னாரு. இதை யாரும் வெறுங்கையில செய்யாதீங்க, ஆயிரக்கணக்குல வோல்ட் வரும். நாலு ஒயர்லயும் பொறி இல்ல. ஒண்ணுல மட்டும் இல்லைன்னா பிளக்கு, ஒயரு, காயில்னு சந்தேகப்படலாம், நாலும் செத்துக் கிடந்தா நாலுக்கும் பொதுவா இருக்கறதைத்தான் மொதல்ல தேடணுமாம். ஃப்யூஸ், ரிலே, சாவி சுவிட்ச், இமொபிலைசர் (சரியான சாவி இல்லைன்னா வண்டியை ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு), கிராங்க் சென்சார் இதெல்லாம். காயில் கனெக்டரைக் கழட்டி சாவி போட்டா டெஸ்ட் லாம்பு பளிச்சுன்னு எரியுது, அப்ப கரண்ட் வருது. ஈசிஎம் காயிலுக்குக் குடுக்கற சிக்னல் பக்கம் வச்சு செல்ஃப் அடிச்சா லாம்பு மினுக்கணும், மினுக்கல. ஸ்கேனர்ல ஆர்பிஎம் பார்த்தா எஞ்சின் சுத்திக்கிட்டே இருக்கு, திரையில சைபர். ஸ்கேனர் காட்டின கோளாறு கோடு பி0335, அதாவது கிராங்க் சென்சார் சர்க்யூட்ல கோளாறு.

எஞ்சின் சுத்துதுன்னு ஈசிஎம்முக்குச் சொல்றதே அந்த சென்சார்தான். அது சொல்லலைன்னா ஈசிஎம் ஸ்பார்க்கை விடாது. சாவி போட்டா செக் எஞ்சின் லைட் வருது, பம்பு ரெண்டு செகண்டு சத்தம் போடுது, ஸ்கேனர் பேசுது, இவ்வளவும் இருந்தா ஈசிஎம் மேல சந்தேகம் கடைசியாதான் வரணும்னாரு. சென்சாரைக் கழட்டி, ஆறினதும் மீட்டர் வச்சாரு, 800 ஓம்ஸ் கிட்ட காட்டுச்சு. ஹீட் கன்ல சூடு காட்டக் காட்ட நம்பர் ஏறிக்கிட்டே போயி டக்குன்னு ஓப்பன் (கம்பி விட்டுப் போச்சுன்னு அர்த்தம்) காட்டிருச்சு. என் கண்ணு முன்னாடி. சென்சாருக்கு உள்ள இருக்கற காயில் கம்பி சூட்டுல விட்டுப் போகுது, ஆறினா ஒட்டிக்குது. சென்சார் 1,400, கூலி 300. அதுக்கப்புறம் நல்ல வெயில்ல சேலம் போயிட்டு வந்தாச்சு, ஒரு இடத்துலயும் நிக்கல.

இனிமேதான் எனக்கு வயிறு எரிஞ்ச விஷயம். பாய் டேஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சு ஈசிஎம்மைக் காட்டினாரு. போல்ட்டு தலையில பல வருஷத்து அழுக்கு அப்படியே கெட்டியா இருக்கு, ஸ்பானர் பட்ட தடமே இல்ல. "புது ஈசிஎம் போட்டா உன் வண்டில சாவியை அதுக்குப் பழக்கணும், ரெண்டு சாவியும் குடுத்தியா?"ன்னு கேட்டாரு. ரெண்டாவது சாவி வீட்டுல பீரோவுல கெடக்கு, அவங்க கேக்கவே இல்ல. எடுத்துட்டு வந்து போட்டா வண்டி முதல் சுத்துல ஸ்டார்ட் ஆகுது. அப்ப எதை மாத்திட்டு என்கிட்ட 21,500 வாங்கினாங்க?

போய்க் கேட்டேன். வேலை பார்த்த பையன் வேலையை விட்டு நின்னுட்டான், எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லி ஓனர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. ஒரு பொம்பளை தனியா வந்து கேட்டா இப்படித்தான் பேசுவாங்கன்னு விட எனக்கு மனசு வரல.

உங்களுக்கு இப்படி ஒண்ணு வந்தா ஸ்கேனர் திரையை உங்க போன்லயே போட்டோ எடுங்க, வண்டியை விடறதுக்கு முன்னாடி ஈசிஎம் ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரையும் எடுத்து வச்சுக்கோங்க, கழட்டின சாமானைக் கையில வாங்காம காசு குடுக்காதீங்க, ஜிஎஸ்டி பில் கேளுங்க. ஏமாந்துட்டா 1915க்கு போன் பண்ணி கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம்.

நான் 1915ல பதிஞ்சுட்டேன், ஒர்க்ஷாப்புக்கு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸும் போயிருக்கு. பாய் எடுத்த மீட்டர் ரீடிங், போல்ட்டு போட்டோ, ரெண்டாவது சாவில ஸ்டார்ட் ஆகற வீடியோ எல்லாம் இருக்கு. பதில் வரலைன்னா கேஸ் போடறேன், என்ன ஆச்சுன்னு இங்கயே எழுதறேன்.