புது ஸ்பிரிங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழையதை வெட்டி மாட்டினார்கள்

வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தி ஓட்ட ஆசைப்படுகிறவர்களும், ஏற்கெனவே தாழ்த்தியவர்களும் இதைப் படித்துவிடுங்கள். லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தைக் குறைக்கிற ஸ்பிரிங்) போடுகிறோம் என்று முழுப் பணத்தையும் வாங்கிய ஒர்க்‌ஷாப், வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங்கையே கிரைண்டரால் வெட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்துவிட்டது. அது தெரியாமல் ஏழு வாரம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உரிமையாளர் பெட்டியைத் திறந்து நான்கு ஸ்பிரிங்கையும் காட்டினார். பளபளவென்று சிவப்பு; பக்கவாட்டில் பாகத்தின் எண் அச்சிட்டிருந்தது. ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருந்தன. அதிகச் சுமை வர வர விறைப்பு கூடுவதற்காக அப்படிச் சுற்றுவார்கள். ஆசையில் அதை நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான்.

அன்றைக்கே நான் கிளம்பி வந்திருக்க வேண்டும். காரணம் ஸ்பிரிங் இல்லை. பக்கத்தில் வேறொரு வண்டி ஜாக்கியில் நின்றது. தூக்கிய வண்டியைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டு கிடையாது, பின் சக்கரத்துக்குக் கட்டை கிடையாது. இருபது வயதுகூட ஆகாத பையன் ஒருவன் அதன் அடியில் படுத்து, துருப்பிடித்த நட்டு ஒன்றைப் பலம்கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி ஆடியது. "ஸ்டாண்டு போடலையா?" என்று கேட்டேன். "இவங்களுக்கு இது பழக்கம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் உரிமையாளர். நானும் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். அது என் தப்பு.

ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது இல்லை. உள்ளே எண்ணெயின் அழுத்தமும் ஒரு ரப்பர் சீலும்தான் அத்தனை எடையையும் பிடித்து வைத்திருக்கின்றன. சீல் விட்டாலோ, யாராவது தெரியாமல் திருகைத் திருப்பினாலோ, வண்டி ஆடி ஜாக்கி நழுவினாலோ அடியில் இருப்பவருக்கு விலக நேரம் கிடைக்காது. ஸ்டாண்டு அப்படியில்லை. இரும்பின் மேல் இரும்பு, நடுவில் ஒரு முள் அல்லது பல். கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் இன்னொரு காப்பு. சில இடங்களில் ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை வைக்கிறார்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். தயவுசெய்து வீட்டில்கூட அப்படிச் செய்யாதீர்கள். தன்னிடம் வேலை செய்கிற பையனின் உயிருக்கே இவ்வளவுதான் மதிப்பு என்றால், முகம் தெரியாத என் வண்டியை அவர் எப்படிப் பார்த்திருப்பார்? இந்தக் கேள்வி எனக்கு அன்று வரவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். காலையில் விட்ட வண்டியை மதியமே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரத்தில் நான்கு சக்கரமும் முடிந்ததாம். பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன். "பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார் சார்" என்றார்கள். வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பற்றிக் கேட்டேன். "கொஞ்ச நாள் ஓட்டுங்க, ஸ்பிரிங் செட் ஆனதும் பார்த்துக்கலாம்" என்றார்கள். மூன்றையும் நம்பினேன். வண்டி பார்க்க அழகாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து முன் இடது பக்கம் சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒரு அடி; நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் கிர்ரென்று எதுவோ புரளும். போன் செய்தால், புது ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும் என்று பதில். நான்காவது வாரம் இரவில் ஓட்டும்போது ஹெட்லைட் வெளிச்சம் கிட்டத்திலேயே விழுவதைக் கவனித்தேன். பின்பக்கத்தைவிட முன்பக்கம் அதிகமாக இறங்கியிருந்தது. ஏழாவது வாரம் டயரைப் பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் உள்பக்க விளிம்பு வழுக்கையாகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்துக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

நண்பர் ஒருவர் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். பெரியவர், அதிகம் பேசமாட்டார். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தையே கழற்றினார். சக்கரம் தொங்கிய நிலையில் முன் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துத் திருப்பினார். அது சுற்றியது. "தம்பி, நீங்களே பிடிச்சுப் பாருங்க" என்றார். நானும் திருப்பினேன், சுற்றியது. எனக்குப் பேச்சே வரவில்லை.

இது ஏன் பயப்பட வேண்டிய விஷயம் என்று அவர் சொன்னதைச் சொல்கிறேன். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போதும் ஸ்பிரிங் மேலும் கீழும் அதன் தட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் அமுங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும். முறையான லோயரிங் ஸ்பிரிங்கை அந்தக் கணக்கு வைத்துத்தான் செய்கிறார்கள். வெட்டிய ஸ்பிரிங் உயரம் குறைந்துவிடுவதால் சக்கரம் தொங்கியதும் தளர்ந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அது தட்டிலிருந்து விலகி, ஏடாகூடமாக உட்காரலாம். நான் கேட்ட 'டக்' சத்தம் அதுதான். தட்டில் ஸ்பிரிங்கின் முனை உட்கார ஒரு படி மாதிரி வடிவம் இருக்கும். வெட்டிய முனை அதில் பொருந்தாமல் ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தித் தட்டையே தேய்த்திருந்தது. வேகமாகப் போகும்போது வளைவில் அது முழுதாக வெளியே வந்து டயரில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இன்னொன்று, விறைப்பு. சுருளைக் குறைத்தால் ஸ்பிரிங்கின் விறைப்பும் குறையும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். கம்பியின் தடிமனும் சுருளின் அகலமும் மாறாதபோது, வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கை குறையக் குறைய விறைப்பு கூடும். என் முன் ஸ்பிரிங்கில் அப்படி 6 சுருள் இருந்திருக்க வேண்டும்; ஒன்றரையை வெட்டிவிட்டார்கள். 6-ஐ 4.5-ஆல் வகுத்தால் 1.33, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. ஆனால் ஷாக் அப்சார்பர் பழையது, பழைய ஸ்பிரிங்குக்காக அளந்து செய்தது. கூடிய விறைப்பை அதனால் அடக்க முடியவில்லை. போதாததற்கு உயரம் குறைந்ததால் அதன் ஓட்டமும் குறைந்து, ஓட்டத்தின் முடிவில் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடித்து இடித்து ஒரு பக்கம் எண்ணெய் கசிய ஆரம்பித்திருந்தது.

கிரைண்டரால் வெட்டியதைக்கூட ஓரளவு அதிர்ஷ்டம் என்றார் பெரியவர். சில இடங்களில் கேஸ் தீயைக் காட்டி ஸ்பிரிங்கைப் படிய வைப்பார்களாம். ஸ்பிரிங் எஃகுக் கம்பியைச் சுருளாக்கி, சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டி அந்தத் துள்ளலைக் கொண்டுவருகிறார்கள். தீயைக் காட்டினால் அந்தப் பதம் போய்விடும். அந்த இடத்தில் ஸ்பிரிங் தொய்ந்து போகும், அல்லது திடீரென்று முறியும்.

பழைய படங்களைப் போனில் எடுத்து அவரிடம் காட்டினேன். படத்தில் ஒரு முனை நெருக்கம், மறுமுனை அகலம். கையில் இருந்ததில் எல்லாச் சுருளும் ஒரே இடைவெளி. படத்தில் எண் அச்சிட்டிருந்தது. இதில் எண் இல்லை. நகத்தால் சுரண்டினால் சிவப்புக்கு அடியில் கம்பெனியின் கறுப்புப் பூச்சு. இரண்டரை மணி நேரத்தில் எப்படி முடித்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. முன்பக்க ஸ்டிரட்டில் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) முழு ஸ்பிரிங்கை மாட்ட வேண்டுமென்றால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஸர் கருவியை இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பிடிக்க வைத்து, மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக அமுக்க வேண்டும். அவசரப்பட முடியாத வேலை, அவசரப்பட்டால் ஆளைக் கொல்கிற வேலை. அமுங்கிய ஸ்பிரிங்கின் மேல் நட்டைக் கம்ப்ரெஸர் இல்லாமல் கழற்றினால் அது தோட்டா மாதிரி கிளம்பும். வெட்டித் தளர்ந்துபோன ஸ்பிரிங்கை மாட்ட அது எதுவும் வேண்டாம், கையாலேயே உள்ளே வைத்து நட்டைப் போட்டுவிடலாம்.

வேறு என்னென்ன இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன் இடது சக்கரத்தில் ஒரு நட்டு கழலும்போது மரையோடு வந்தது. இம்பாக்ட் ரெஞ்சால் கண்மூடித்தனமாக இறுக்கியதில், நட்டு ஏறுகிற ஸ்டட் (மரை போட்ட தண்டு) நீண்டுவிட்டிருந்தது. என் வண்டியின் கையேட்டில் 110 நியூட்டன் மீட்டர் என்று தெளிவாக இருக்கிறது. இறுக்கும் விசையைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து அளந்துதான் இறுக்க வேண்டும். ஏபிஎஸ் சென்சார் ஒயர் அதன் கிளிப்பில் இல்லாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக் ஹோஸில் மடிப்புத் தடம். கேலிப்பரை (பிரேக் பேடை அழுத்துகிற பாகம்) கழற்றிக் கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்க விட்டிருப்பார்கள் என்றார். ஹோஸின் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது என்பதால் முன்பக்க ஹோஸ் இரண்டையும் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் படங்களோடு போனேன். முதலில் சத்தம் போட்டார், பிறகு "பையன் தப்பாச் செஞ்சுட்டான்" என்றார். அந்தப் பையன் அங்கேயே தலைகுனிந்து நின்றான். அது எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து காட்டியவர் அவர், பணத்தை வாங்கியவர் அவர். காட்டிய ஸ்பிரிங்கைத் தராமல் பணத்தை வாங்கியது அவனா? கடைசியில் பாதிப் பணத்தைத் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, படங்கள், பில் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.

இனி யாரிடம் வண்டியைத் தாழ்த்தக் கொடுத்தாலும் நான் செய்யப்போவது இதுதான். வேலைக்கு முன்பு நான்கு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்து வைப்பேன். முடிந்த பிறகு மறுபடி அளப்பேன். ஸ்பிரிங் தயாரித்தவர்கள் இத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று சொல்லியிருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய பாகம் என்னுடையது, என் கைக்கு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே பில்லில் எழுத வைப்பேன். பாக எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். மாட்டிய பிறகு, சக்கரத்தைப் போடும் முன்பு, அந்த எண்ணை ஸ்பிரிங்கிலேயே என் கண்ணால் பார்ப்பேன். அலைன்மென்ட்டை வேறோர் இடத்தில் செய்து அச்சிட்ட தாளை வாங்குவேன். தாழ்த்தினால் கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறத்தான் செய்யும், மாறாது என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்ப்பேன். அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்கப்போவது ஸ்டாண்டு இருக்கிறதா என்பதைத்தான்.

அண்மையில் ஸ்பிரிங் மாற்றியவர்கள் இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். அடியில் போகவே வேண்டாம். சக்கர வளைவுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அசையாமல் இறுக்கமாக இருந்தால் பயமில்லை. கையோடு சுற்றினால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.