டெண்டர் வரைக்கும் ஜோர், அதற்கப்புறம்?

அரசு ஒப்பந்தங்களை நிர்வகிக்கும் மென்பொருள் என்று சொல்லி விற்பதில் பாதி, உண்மையில் டெண்டர் போட உதவும் மென்பொருள்தான். இது ஒர்க் ஆர்டர் கைக்கு வந்த பிறகே உறைக்கும். எங்கள் அலுவலகத்தில் ஓடுவதும் (பெயர் வேண்டாம், விற்றவர் நல்ல மனிதர்) அந்த ரகம்தான்.

டெண்டர் வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அரசுத் தளங்களிலிருந்து புது அறிவிப்புகளை இழுத்து வருகிறது, கடைசித் தேதி தள்ளிப்போனால் உடனே சொல்கிறது, டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகப் போவதைக்கூட முன்பே எச்சரிக்கிறது. இதில் பெரிய ஆச்சரியமில்லை. தென்கொரியா தன் அரசுக் கொள்முதல் தளமான கோனெப்ஸைத் தொடங்கியதே 2002-ல். அறிவிப்பும் ஏலமும் இணையத்துக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது, மென்பொருளுக்கு வேண்டிய தகவல் அங்கேயே ஒழுங்காகக் கிடைக்கிறது. வேலை கிடைத்த பிறகு வருவதெல்லாம் கடிதமும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும்தான், அங்கேதான் இது திணறுகிறது.

கால நீட்டிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு நீட்டிப்பு ஆணை வந்தது, முடிவுத் தேதியை மாற்றினேன், பச்சை டிக் போட்டுச் சேமித்துக்கொண்டது. ஆனால் அதே வேலைக்குக் கொடுத்த வங்கி உத்தரவாதம் (நாங்கள் வேலையில் தவறினால் துறைக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) பழைய தேதியிலேயே முடியும்படி இன்னொரு பக்கத்தில் கிடக்கிறது, அதைப் பற்றி மூச்சே இல்லை! தேதி நீண்டால் உத்தரவாதமும் காப்பீடும் சேர்ந்து நீள வேண்டும், இல்லையென்றால் பில் நிற்கும், முடிகிற நாள் நெருங்கினால் துறையே வங்கிக்கு எழுதி அந்தத் தொகையைக் கேட்டுவிடவும் கூடும். இரண்டு தேதிகளை இணைக்க என்ன பெரிய தொழில்நுட்பம் வேண்டும்?

புதிதாகச் சேர்த்திருக்கும் ஏஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீளமான ஒப்பந்தத்தைச் சுருக்கித் தருகிறது, பதிலோடு பக்க எண்ணையும் காட்டுகிறது, அது நல்ல விஷயம். ஆனால் தாமத அபராதம் எத்தனை சதவீதம் என்று கேட்டால், பின்னால் வந்த திருத்தத்தில் அது மாறியிருப்பதைக் கவனிக்காமல் மூல ஒப்பந்தத்தில் இருப்பதையே அடித்துச் சொல்கிறது. முத்திரை விழுந்த இடத்தில் எண்களைத் தப்பாகப் படிப்பது வேறு. எனக்குப் பிடித்தது இந்த ஏஐ இல்லை, யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றுப் பதிவுதான். எங்கள் ஆட்களுக்குள் யாரிடம் பில் தூங்கியது என்ற சண்டை அதோடு ஒழிந்தது.

தகவலை வெளியே எடுப்பதுதான் படு மோசம். திட்டமிடல், டெண்டர், தேர்வு, ஒப்பந்தம், செயலாக்கம் என்று ஐந்து கட்டங்களையும் ஒரே அடையாள எண்ணில் கோக்கும் திறந்த ஒப்பந்தத் தரவுத் தரம் 2014-லேயே வந்துவிட்டது. உக்ரைனின் ப்ரோசோரோ, 2016 முதல் அங்கே எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமான கொள்முதல் தளம், அந்தத் தரத்தில்தான் தரவை வெளியிடுகிறது. இங்கே 'ஏற்றுமதி' பொத்தானை அழுத்தினால் லோகோ போட்ட ஒரு பிடிஎஃப் வருகிறது. நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக நினைத்தால் எல்லாவற்றையும் கையால்தான் தட்ட வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் டெமோவில் டெண்டர் போட்டுக் காட்டச் சொல்லி நேரத்தைக் கழிக்காதீர்கள். நடக்கிற வேலை ஒன்றுக்கு நீட்டிப்பும் இரண்டு திருத்தங்களும் கொடுத்துவிட்டு, உத்தரவாதப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நாங்கள் இந்த முறை உரிமத்தைப் புதுப்பித்திருக்கிறோம், உத்தரவாதத் தேதிகளுக்கு மட்டும் எக்செல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்துக்கு மூன்று.