வார்ப்பு சுத்தம், முகம் அவசரம்: சிட்டி விடெக்கில் மாட்டிய மேனிஃபோல்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மேனிஃபோல்டை வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு இஞ்சினில் மாட்டிவிடாதீர்கள். ஓர் இரும்பு ஸ்கேலும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வீட்டில் இல்லையென்றால் அவற்றை வாங்கிய பிறகு மேனிஃபோல்டை வாங்குங்கள். என் வண்டி நான்கு நாள் கொட்டகையில் திறந்தபடி கிடந்ததற்கு நான் அளக்காமல் இருந்ததுதான் காரணம்.

பொருள் இதுதான்: பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் காருக்காகக் கோயம்புத்தூரில் ஒரு சிறு பட்டறை வார்த்துத் தரும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. விலை 26,500 ரூபாய், பார்சல் செலவு தனி. முன்பணம் கட்டி 7 வாரம் காத்திருந்தேன். பத்துப் பத்தாக வார்ப்பவர்கள். வருகிற ஆர்டருக்கே ஈடுகொடுக்க முடியவில்லை, பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

வண்டி 2001-ஆம் ஆண்டினது. பாபநாசத்தில் எங்கள் வீட்டு முன்கொட்டகையில் அப்பா ஆயில் இஞ்சின் பழுதுபார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பம்புசெட்காரர்கள் அறுவடை முடிந்து பாக்கியைத் தீர்த்த ஒரு தை மாதத்தில், பழைய வண்டியாக வாங்கினார். 106 குதிரைத்திறன் என்பது இன்று பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியை நெருங்கும்போது விடெக் அமைப்பு இன்டேக் வால்வுகளை இன்னும் ஆழமாகத் திறக்கும். இஞ்சினின் குரலே மாறும். அந்தக் குரலுக்காகவே இந்த வண்டியை நாங்கள் விற்கவில்லை. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஸ்பேனர் பிடிக்கக் கற்றது அப்பாவின் கொட்டகையில்.

இந்த மேனிஃபோல்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. வாய்க்கால் மதகுப் பலகையைச் சட்டென்று இறக்கினால், ஓடி வந்த தண்ணீர் பலகையில் மோதி எம்பும். அந்த எம்பல் அலையாக வந்த வழியே திரும்பும். இன்டேக் வால்வு மூடும்போது குழாயில் விரைந்து வந்த காற்றுக்கும் அதே கதிதான். அழுத்த அலை குழாயின் மறுமுனை வரை போய், நான்கு குழாய்களுக்கும் பொதுவான அறையில் பட்டுத் திரும்புகிறது. வால்வு அடுத்த முறை திறக்கும் நேரத்துக்கு அது சரியாக வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் கூடுதல் காற்று போகும். குழாய் நீளமானால் அலை போய்வர நேரம் பிடிக்கும். மெதுவாகச் சுழலும் இஞ்சினுக்கு அது பொருந்தும். குட்டையானால் வேகமாகச் சுழலும்போது பொருந்தும். இந்த மேனிஃபோல்டின் குழாய்கள் பழையதைவிட ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் குட்டை, பொது அறை பெரிது. ஆகவே வேகமான சுழற்சியில் கொடுப்பதை மெதுவான சுழற்சியில் எடுத்துக்கொள்ளும். இதைப் பட்டறைக்காரரே தொலைபேசியில் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பெட்டி வந்த அன்று அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சுவாமிமலைக்குப் போனேன். அம்மாவின் அண்ணன் அங்கே 40 ஆண்டு சிலை வார்ப்பவர். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற தொழில். மேனிஃபோல்டு மணல் அச்சில் ஊற்றிய அலுமினியம். உலோகமும் வேறு, முறையும் வேறு. ஆனாலும் அச்சுக்குள் உலோகம் எப்படி ஓடி நிறைந்தது என்பதை மாமா விரலால் படித்துவிடுவார். ஒவ்வொரு குழாயிலும் சுட்டுவிரலை விட்டுச் சுற்றினார். மூன்றாவதில் நிறுத்தினார்.

“இங்கே உள்கரு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது பாரம்மா. வரம்பு கட்டியிருக்கிறது.”

குழாயின் உட்புறம் வெற்றிடமாக வருவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டிதான் உள்கரு. என் விரலுக்கும் தட்டுப்பட்டது. நகக்கண் அளவுக்கு ஒரு மேடு. அரைவட்ட அரத்தால் அவரே அதைச் சீவிக் கொடுத்தார். பிறகு, நான் கேட்காமலேயே, துளைகளை மரக்கட்டையும் மெழுகும் வைத்து அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளிப்புறம் முழுவதும் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி இரவு முழுவதும் வைத்துவிட்டார். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் ஈரத்திட்டு தெரியும். காலையில் ஒரு திட்டுக்கூட இல்லை. “ஊற்றியவன் பொறுமைசாலி” என்றார். மாமா யாரையும் லேசில் பாராட்டுபவர் அல்லர். அரம் போட்ட பிறகு சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவிக் காற்றடித்தேன். ஒரு துகள் அலுமினியம் உள்ளே தங்கினாலும் அது சிலிண்டருக்குத்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கினோம். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் மடங்காது. நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். எரிபொருள் வடிகட்டியின் மேலுள்ள சிறு போல்ட்டைத் துணியால் மூடி, மெல்ல ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, குழாயில் நிற்கும் அழுத்தத்தை இறக்கினேன். இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. இதில் அவசரமே ஆகாது. கூலன்டைக் கொஞ்சம் வடித்தேன். ஒவ்வொரு ரப்பர் குழாயிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதினேன். பிரேக் பூஸ்டர் குழாய், கிரான்க்கேஸ் காற்றுக் குழாய், ஐடில் வால்வுக்குப் போகும் கூலன்ட் குழாய் என்று எண்ணியதில் பதினொன்று வந்தது. புகைப்படம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நம்பினால் பின்னால் திண்டாட வேண்டியிருக்கும்.

உண்மையான வேலை கீழே இருக்கிறது. இந்த வண்டியில் மேனிஃபோல்டு இஞ்சினுக்குப் பின்புறம், ஃபயர்வால் தகட்டைப் பார்த்தபடி இருக்கிறது. மேல்வரிசை நட்டுகள் மேலிருந்தே கைக்கு எட்டும். கீழ்வரிசையும் அடியில் தாங்கும் பிராக்கெட்டும் எட்டாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்து, 12 மில்லிமீட்டர் சாக்கெட்டில் நீள எக்ஸ்டென்ஷன் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிராக்கெட்டின் ஒரு போல்ட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். முந்தின இரவே துரு எண்ணெய் அடித்து வைத்திருந்ததால் அது உடையாமல் வந்தது. ஒரு ஸ்டட் நட்டோடு சேர்ந்தே கழன்றது, புதியது போட்டேன். பழைய மேனிஃபோல்டு வெளியே வந்ததும் அப்பா முதலில் சொன்னது, இஞ்சினின் சிலிண்டர் தலையிலுள்ள நான்கு துளைகளிலும் சுத்தமான துணியை அடைக்கும்படிதான்.

இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கப் பிளாஸ்டிக் தகடுதான். உளி, பிளேடு எதுவும் கூடாது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அது காற்றுக்கு வழி.

அப்போதுதான் அப்பா கேட்டார்: “புதியதன் முகத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தாயா?” இஞ்சினோடு ஒட்டி உட்காரும் பக்கத்தைத்தான் முகம் என்பார்கள். மாமா பார்த்துவிட்டாரே என்றேன். மாமா வார்ப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை என்றார். ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது நான்காவது சிலிண்டர் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. 0.15 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு தாராளமாக நுழைந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கேஸ்கெட் அதை நிரப்பிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிலிக்கான் பசையைத் தடவிவிட்டு முறுக்குபவர்களும் உண்டு. கோணிய முகத்தை நட்டு போட்டு இழுத்தால் கொஞ்ச நாள் பிடிக்கும். சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது கேஸ்கெட் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும், இல்லையென்றால் இஞ்சினோடு முறுக்கும் விளிம்பான ஃபிளாஞ்சின் காதில் விரிசல் விடும். திங்கட்கிழமை கும்பகோணத்தில் மில்லிங் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் காரணம் சொன்னார்: மெல்லிய ஃபிளாஞ்சை இறுக்கமாகப் பிடித்துச் சீவியிருக்கிறார்கள், பிடியில் இருக்கும்போது மட்டமாக இருந்தது, பிடியைத் தளர்த்தியதும் பழைய வளைவுக்குத் திரும்பிவிட்டது. அவர் லேசாகப் பிடித்து, இரண்டு மூன்று தடவையாக மொத்தம் 0.2 மில்லிமீட்டர் எடுத்தார். 600 ரூபாய். அவரிடம் வேலை நெருக்கடி, புதன்கிழமை மாலைதான் கையில் கிடைத்தது. கோயம்புத்தூர் பட்டறையைக் கூப்பிட்டுச் சொன்னேன். வாதாடவில்லை; மாற்றித் தருகிறோம் என்றார்கள், நான் சீவக் கொடுத்துவிட்டதாகச் சொன்னதும் அந்தத் தொகையை அன்றே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் 26,500 ரூபாய் வாங்கும் பொருளில் முகம் மட்டமாக இருப்பது சலுகை அல்ல, அடிப்படை. இவ்வளவு நல்ல வார்ப்பைப் போட்டுவிட்டுக் கடைசி அரை மணி நேரத்தில் அவசரப்பட்டிருக்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

மாட்டும்போது அவர்கள் தந்த காகித கேஸ்கெட்டை ஒதுக்கிவிட்டு ஹோண்டா கேஸ்கெட்டையே போட்டேன். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களை (ஓ-ரிங்) முழுவதுமாக மாற்றினேன். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2001-இல் போட்ட ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரோகார்பன் வளையம் கேட்டு வாங்குங்கள், இஞ்சின் ஆயிலில் தொட்டு உட்காரவையுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் குறுக்குமறுக்காக, மூன்று சுற்றில், 23 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். கைக்கணக்கு இங்கே உதவாது, கீழ்வரிசையில் கைக்கு எதுவும் தெரியாது.

வியாழன் இரவு ஸ்டார்ட் செய்தபோது ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் சுழலும் வேகம்) 1,500-இல் நின்றது. சூடான பிறகும் இறங்கவில்லை. இந்த வண்டி உள்ளே வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் பார்த்து அதற்கேற்பப் பெட்ரோல் கொடுக்கிறது. அதனால் எங்காவது காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் இஞ்சின் திணறாது, வேகம்தான் ஏறும். ஒவ்வொரு குழாயாக விரலால் நசுக்கிப் பார்த்தேன், எதிலும் மாறவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, அடியில் வலப்பக்கம் உஸ்ஸென்று சத்தம் வருகிறது என்றார். பயன்படுத்தாத ஒரு வெற்றிட முனைக்கு அவர்கள் போட்டிருந்த ரப்பர் மூடி வெடித்திருந்தது. 20 ரூபாய் மூடி. மாற்றியதும் 750-இல் வந்து நின்றது.

இனி ஓட்டம். இஞ்சின் திறனை அளக்கும் டைனோ என்னிடம் இல்லை. தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில், விடியற்காலை ஆளில்லாத நேரத்தில், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீடாமீட்டரை வீடியோ எடுத்தான். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே இடம், அதே இரண்டு பேர். இரண்டாம் கியரில் 60-இலிருந்து 95 வரை: முன்பு 4.7 விநாடி, இப்போது 4.3. மூன்றாம் கியரில் 40-இலிருந்து 80 வரை: முன்பு 7.0, இப்போது 7.5. ஒவ்வொன்றும் நான்கு ஓட்டத்தின் சராசரி. விடெக் திறந்த பிறகு முன்பு 6,300-இல் மூச்சு வாங்கிய இஞ்சின் இப்போது தயங்காமல் மேலே ஏறுகிறது. அந்தச் சில விநாடிகளின் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அப்பா சிரித்துவிட்டார்.

ஆனால் வாழ்க்கை நான்குவழிச் சாலையில் நடப்பதில்லை. பாபநாசத்திலிருந்து திருவையாறு போகும் வழியில் கரும்பு வண்டிக்கும் டிராக்டருக்கும் பின்னால் 30-இல் போய், சந்து கிடைத்ததும் முந்த வேண்டும். முன்பு மூன்றாம் கியரில் மிதித்தால் போதும். இப்போது இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. தினமும் இப்படிப்பட்ட சாலையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் இந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுங்கள். மைலேஜ் 13-லிருந்து 12.5 ஆகியிருக்கிறது, அது என் காலின் குற்றமாகவும் இருக்கலாம்.

இதோடு திறந்த ஏர் ஃபில்டரும் போடச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். போடவில்லை. அறுவடை இயந்திரம் ஓடும் நாட்களில் வைக்கோல் தூசி சாலையை மூடி நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். கம்பெனிப் பெட்டியே இருக்கிறது.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உங்கள் ஊர் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நான் தெரிவித்தேன். பழைய மேனிஃபோல்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் பட்டறையிலிருந்து அழைத்தார்கள். அடுத்த வார்ப்பிலிருந்து ஃபிளாஞ்சை லேசாகப் பிடித்து இரண்டாவது முறை சீவப்போவதாகவும், அளந்த விவரத்தை எழுதிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாகவும் சொன்னார்கள். மயிலாடுதுறையில் தம்பியின் நண்பர் ஒருவர் அந்த வார்ப்பில் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறார். வந்ததும் முதலில் எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.