ஹென்ட்ரிக்ஸும் வான் ஹேலனும்

ராக் கிதார் கலைஞர்களான ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எட்டி வான் ஹேலன் ஆகிய இருவரையும் விரல் வேகத்தை மட்டும் கொண்டு மதிப்பிட்டால், இரண்டாமவரே முன்னிற்பார். 1978இல் வெளிவந்த 'எரப்ஷன்' என்னும், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான தனி வாசிப்பில், வலக்கை விரலாலும் கிதாரின் கழுத்துப் பகுதியில் தந்தியைத் தட்டி அவர் எழுப்பிய சுரவரிசைகள், எண்பதுகளின் வாசிப்பு முறையையே மாற்றின.

ஹென்ட்ரிக்ஸின் திறமை வேகத்தில் அடங்குவதன்று. வலக்கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிதாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி இடக்கையால் மீட்டிய அவர், மற்றக் கையின் கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்துக் கீழ்சுரத் தந்தியை அழுத்தியதால், மெட்டையும் அதற்குத் துணையான ஒலிக்கோவையையும் ஒருங்கே வாசிக்க முடிந்தது. ஒலிபெருக்கியின் அருகே கிதார் எழுப்பும் இரைச்சலைப் பலர் தவிர்க்க முயன்றபோது, அவர் அதையே இசையின் பகுதியாக்கினார். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவில் அவர் வாசித்த அமெரிக்க நாட்டுப்பண்ணில், அந்த இரைச்சல் கேட்டோர் பலருக்கு வியட்நாம் போரின் குண்டுவீச்சை நினைவூட்டியது.

வான் ஹேலனைப் பின்பற்றியவர்களுள் பலர் அவருடைய உத்தியை மட்டுமே எடுத்துக்கொண்டனர். ஹென்ட்ரிக்ஸிடமிருந்தோ, ப்ளூஸ், ஃபங்க், ஜாஸ் எனத் தனித்தனி இசை வழிகளில் சென்றவர்களும் கற்றிருக்கிறார்கள் என்பதால், தாக்கத்தில் அவரையே முதலில் வைப்பேன்.